உள்ளே வங்கு வைத்துக் கட்டிய திருகோணமலை: தெற்குவாசல் பட்டறையில் ஒரு கப்பல் வாங்கிய அனுபவம்

போன மாசியில் அப்பாவுக்கு எண்பது முடிந்தது. வேட்டி, மோதிரம், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் தம்பியும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். நான் அவருக்கு ஒரு கப்பல் செய்து கொடுத்தேன். மரத்தில் செய்த மாதிரிக் கப்பல். உடல் மட்டும் 25 அங்குலம், முன்னால் நீளும் கழியையும் சேர்த்தால் மூன்று அடி. செய்தவர் மதுரைக்காரர். தெற்குவாசல் மேம்பாலம் இறங்கி வில்லாபுரம் போகும் வழியில், ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் பழைய நிலைக்கட்டைகள் சாத்தி வைத்திருக்கும், அதுதான் அடையாளம். விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்கே வாங்கினாய், எவ்வளவு ஆச்சு என்று கேட்டுவிட்டார்கள். பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய நல்லதும் கெட்டதும் இரண்டும் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் கப்பல் என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா தூத்துக்குடியில் தோணி கட்டியவர். கப்பலும் தோணியும் கட்டுகிற தச்சரை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். அப்பா பதினாறு வயதுவரை தாத்தாவுக்குக் கையாளாக இருந்துவிட்டு மதுரைக்கு வந்து, ஆலையில் மரவேலைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். கடலை விட்டு அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் ராமேஸ்வரம் போனால் கடையில் இருக்கும் சிப்பிக் கப்பலைக் கையில் எடுத்து, திருப்பி அடியைப் பார்ப்பார். "அடி தட்டையா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார். பொருட்காட்சியில் பெரிய பெரிய மரக் கப்பல்களைப் பார்த்தபோதும் அதேதான். பாய், கயிறு, கொடி எதையும் பார்க்க மாட்டார். திருப்பி அடியைப் பார்ப்பார், வைத்துவிடுவார். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைக்காத ஒரு கப்பல் வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

ஆடி மாதம் பட்டறைக்குப் போனேன். ஆசாரி அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது இருக்கும். கூட ஒரு பையன், அக்கா மகனாம். நான் பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் "டீச்சர்" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என்ன நிறம், எத்தனை பாய் என்று கேட்பார் என நினைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"டீச்சர், கட்டையில குடைஞ்சு தரவா, உள்ளே வங்கு வச்சு கட்டவா?"

வங்கு என்ற சொல்லை அப்பா வாயைத் தவிர வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. கப்பலுக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து நிற்கும் சட்டங்கள்தான் வங்கு. அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு ஏரா. ஏராவின் மேல் வங்குகளை நிறுத்தி, அவற்றின் மேல் பலகையை ஒவ்வொன்றாக வளைத்து அடித்துக்கொண்டு மேலே போனால்தான் அது கப்பல் கட்டுவது. ஒரே கட்டையைக் கப்பல் வடிவில் இழைத்துச் சாயம் பூசினாலும் பார்வைக்கு அப்படியே இருக்கும். கடையில் விற்பதில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். கட்டையில் குடைந்தால் 14,000 ரூபாய், வங்கு வைத்துக் கட்டினால் 46,000 ரூபாய் என்றார். வித்தியாசத்தைக் கேட்டதும் கொஞ்சம் மலைத்துப்போனேன். வெளியே தெரியாத வேலைக்கு 32,000 ரூபாய். அப்பாவின் கையை நினைத்துக்கொண்டு இரண்டாவதற்குச் சரி சொன்னேன். பாதிப் பணம் முன்பணம்.

எந்தக் கப்பல் என்பதை நான் முன்பே முடிவு செய்திருந்தேன். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரில் ஒரு போர்க்கப்பல் இன்றும் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் வாயில் அதன் பெயர் ட்ரிங்கமாலி. நமக்குத் திருகோணமலை. அந்தத் துறைமுகத்தின் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள். பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் மிதப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். அது பிரிட்டனில் கட்டியதல்ல. பம்பாயில், மலபார் தேக்கில், ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தச்சர் கட்டியது. 1817 அக்டோபர் 12-ஆம் தேதி தண்ணீரில் இறங்கியது. இருநூறு வருடம் தாண்டிவிட்டது.

இந்த மனிதரைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இவருடைய தாத்தா லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா சூரத் தச்சர். 1736-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்ட பம்பாய் வந்தவர். கப்பலை உள்ளே கொண்டுவந்து தண்ணீரை வெளியேற்றி வேலை செய்யும் உலர்துறை பம்பாயில் 1750-இல் வந்ததும் அவர் காலத்தில்தான். அவ்வளவு பெரிய ஆளாகிவிட்ட பிறகும் தன் பேரன்கள் இரண்டு பேரைச் சாதாரணத் தச்சர்களாகவே வேலைக்குச் சேர்த்தார். மாதச் சம்பளம் பன்னிரண்டு ரூபாய். அந்தப் பேரன்களில் ஒருவர்தான் ஜம்சேட்ஜி. தலைமைத் தச்சர் வீட்டுப் பிள்ளை, ஆனால் கையில் வாய்ச்சியோடு மரத்தைச் செதுக்கித்தான் மேலே வந்தார். இந்த இடத்தை நான் சொல்லும்போதெல்லாம் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். ஆசாரி அண்ணனிடம் சொன்னபோது அவர் அக்கா மகனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்க" என்றார்.

பிரிட்டிஷ் கடற்படைக்கு அப்போது ஓக் மரத் தட்டுப்பாடு. பம்பாயில் போர்க்கப்பல் கட்டலாம் என்று முடிவானபோது இங்கிலாந்திலிருந்து ஒரு ஐரோப்பியத் தச்சரை அனுப்புவதாக இருந்தது. ஜம்சேட்ஜியின் வேலையைப் பற்றித் தெரிய வந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டு அவரிடமே ஒப்படைத்தார்கள். 1810-இல் 74 பீரங்கிகளைத் தாங்கும் மிண்டன் அவர் கையிலிருந்து இறங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அந்தக் கடற்படைக்குக் கட்டிய முதல் பெரும் போர்க்கப்பல் அதுதான். 1813-இல் கார்ன்வாலிஸ். அபினிப் போர் முடிந்து 1842-இல் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது இந்தக் கப்பலில்தான். 1821-இல் அவர் இறந்த பிறகு மகன் நவ்ரோஜி அந்த இடத்துக்கு வந்தார். வாடியா குடும்பத்தார் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பம்பாய்த் துறையில் தலைமைத் தச்சர்களாக இருந்தார்கள்.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

லண்டன் பக்கம் கிரீனிச்சில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்தில் அந்தக் காலக் கடற்படை வரைபடங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். திருகோணமலை லீடா என்ற வகையைச் சேர்ந்தது. 1782-இல் பிடித்த ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலின் வடிவத்தைப் பார்த்து வரைந்த வகை. அந்த வகையின் வரைபட நகல் ஒன்றை என் அக்கா மகன் அங்கிருந்து அனுப்பி வைத்தான். பீரங்கித் தட்டின் நீளம் ஏறக்குறைய 150 அடி, அகலம் 40 அடி. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டு 25 அங்குலம் என்று ஆசாரி அண்ணன் முடிவு செய்தார். தாளை விரித்து வைத்து அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வராது, ஆனால் கோடுகளைப் படித்துவிட்டார். எந்தெந்த இடத்தில் வயிறு தள்ளுகிறது, எந்த இடத்தில் ஒடுங்குகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார்.

இந்த வரைபடத்துக்கு ஒரு கதை உண்டு, அதையும் அவரிடம் சொன்னேன். திருகோணமலையைக் கட்டச் சொல்லி 1812-இல் உத்தரவு போட்டு, வரைபடத்தை ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த கப்பல்களின் அடியில் அடிக்கச் செம்புத் தகடும் அதே கப்பலில் போனது. அந்த வருடம் டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் ஜாவாவை வழிமறித்து அடித்து நொறுக்கிவிட்டது. தாளும் தகடும் எல்லாம் போயிற்று. மறுபடி வரைபடம் அனுப்பி, 1816-இல்தான் வேலை தொடங்கியது. அடித்து நொறுக்கிய அந்தக் கான்ஸ்டிடியூஷனும் இன்றுவரை பாஸ்டனில் மிதக்கிறது, திருகோணமலையும் மிதக்கிறது. ஆசாரி அண்ணன் வரைபடத்தை உடனே இரண்டு நகல் எடுத்து வரச் சொல்லிப் பையனை அனுப்பினார்.

இந்தப் பட்டறையின் உண்மையான பலம் மரம். இவர் புது மரம் வாங்குவதில்லை. பழைய வீடு இடிக்கிற இடத்திலிருந்து நிலை, உத்தரம், தூண் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார். எங்கள் கப்பலுக்கு எடுத்தது ஒரு பழைய வீட்டுத் தேக்கு நிலை. மேலே நூறு வருட எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் குங்குமமும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. ஒரு இழைப்பு இழைத்தார். தேன் நிறத்தில் ரேகை மேலே வந்தது, கூடவே அந்த வாசனை. தேக்கின் எண்ணெய் மரத்துக்குள்ளேயே இருப்பதால் ஆணி துருப்பிடிப்பதில்லை. ஓக் மரத்தில் இருக்கும் புளிப்பு இரும்பை அரித்துவிடும். பம்பாய்க் கப்பல்கள் நீண்ட நாள் உழைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

வங்குக்கு மட்டும் தேக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூவரசங் கிளைகளை எடுத்து வந்து போட்டார். எல்லாம் கோணல் கிளைகள். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்தில் உடையும். தானாகவே வளைந்து வளர்ந்த கிளையில் ரேகையும் கூடவே வளைந்து போகும், அது உடையாது. தாத்தாவும் கருவேலத்திலும் பூவரசிலும் கோணல் மரமாகத் தேடித்தான் வங்கு எடுப்பாராம். இங்கிலாந்தில் ஓக் மரத்தைக் காட்டிலேயே பார்த்து, இந்தக் கிளை இந்த வளைவுக்கு என்று குறித்துவைப்பார்கள். மூன்று இடத்திலும் ஒரே புத்தி. மூன்று விரல் நீளமுள்ள வங்குக்காக இவர் பூவரசைத் தேடியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை என்று தெரிந்தும் தேடினார்.

பலகை வளைக்கும் நாளில் நான் கூட இருந்தேன். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவிய தேக்குப் பட்டைகள். அவற்றை ஆவியில் வேகவைக்க அவர் வைத்திருப்பது ஒரு பெரிய இட்லிக் கொப்பரை. அதன் மூடியில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகி, குழாய்க்குள் பட்டைகளை அடுக்கி, இரண்டு பக்கமும் துணி அடைத்துவிடுகிறார். கால் மணி நேரம். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை உருவினார். வங்கின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே அணியம் வரை, அதாவது கப்பலின் முன்மூக்கு வரை கொண்டுபோனார். மூச்சு விடவில்லை. பட்டை ஆறுவதற்குள், முப்பது எண்ணுவதற்குள் அது உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தது. பையன் மூங்கில் முளையை வைத்து லேசாகத் தட்டினான். அன்றைக்கு எட்டுப் பட்டை ஏறியது, இரண்டு ஒடிந்தது. ஒடிந்ததற்குப் பணம் கேட்கவில்லை.

அடியில் செம்புத் தகடு ஒட்டித் தரட்டுமா, பளபளவென்று இருக்கும் என்று கேட்டார். அசல் கப்பலுக்கும் அது உண்டுதான். நான் வேண்டாம் என்றேன். அப்பா திருப்பிப் பார்க்கும்போது அவருக்குப் பலகை தெரிய வேண்டும்.

இன்னொன்று நானாகக் கேட்டது. கப்பல் வேலை தொடங்கும்போது ஏராவில் வெள்ளி ஆணி ஒன்று அடிப்பது பார்சிகளின் வழக்கம். திருகோணமலைக்கும் ஜம்சேட்ஜி தன் கையால் அடித்தார். அம்மாவின் பழைய கொலுசு ஒன்று அறுந்துபோனது என்னிடம் இருந்தது. அம்மா போய் ஒன்பது வருடம். அதில் ஒரு கண்ணியை நிமிர்த்தி ஆணி மாதிரிச் செய்து ஏராவில் வைக்க முடியுமா என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் சாதாரணமாக, "வாசல் நிலை வைக்கையில அடியில காசு வைக்கிறோமில்ல டீச்சர், அதே மாதிரிதான். குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். நல்ல நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு, சுத்தியலை என் கையில் கொடுத்தே அடிக்க வைத்தார். இதற்கும் தனியாகப் பணம் வாங்கவில்லை.

இனிக் குறைகள். முதல் குறை நாள். கார்த்திகையில் தருகிறேன் என்றார். கையில் வந்தது மாசியில், விழாவுக்கு நான்கு நாள் முன்பு. நடுவில் தை மாதம் முழுவதும் கல்யாணக் கட்டில் வேலை வந்துவிட்டது. போன் செய்தால் எடுப்பார், ஆனால் "அடுத்த வாரம் டீச்சர்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. நேரில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நகரும். தேதி முக்கியமான விசேஷத்துக்கு என்றால் அவர் சொல்லும் காலத்தோடு மூன்று மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கயிறு. மரத்தில் காட்டிய அக்கறை கயிற்றில் இல்லை. கடையில் கிடைக்கும் பருத்தி நூலையே கட்டியிருந்தார், அதில் பிசிறு தெரிகிறது. பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கயிறும் பருமலை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழியைத் தூக்குகிற கயிறும் ஒரே கனத்தில் இருக்கின்றன. அசலில் ஒன்று கை மொத்தம் இருக்கும், இன்னொன்று விரல் மொத்தம். கேட்டதற்கு, "கயிறு எனக்கு வராது டீச்சர், மரந்தான் வரும்" என்று நேர்மையாகவே சொன்னார். மெழுகு தடவினால் பிசிறு அடங்கும் என்று நானே தேன்மெழுகு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தடவினேன். கயிறு வேலை சுத்தமாக வேண்டும் என்பவர்கள் மரத்தை மட்டும் இவரிடம் செய்துகொண்டு, கயிற்றுக்கு வேறு ஆள் பார்ப்பது நல்லது.

மூன்றாவது கண்ணாடிப் பெட்டி. இது அவர் செய்வதில்லை, ஒரு கண்ணாடிக் கடைக்கு அளவு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவர் எழுதியது அங்குலமும் நூலும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கடையில் அறுத்தது மில்லிமீட்டரில். யாரோ நடுவில் மாற்றிக் கணக்குப் போட்டதில் பெட்டி அரை அங்குலம் குட்டையாக வந்து, நடுப் பாய்மரத்தின் நுனி இடித்தது. திருப்பி அனுப்பி வேறு செய்து வாங்க ஆறு நாள் ஆயிற்று. 6,500 ரூபாய் பெட்டிக்கு இந்த அலைச்சல் அதிகம். அன்றைக்குக் கோபத்தில் எனக்கு வாசா ஞாபகம் வந்தது. சுவீடன் நாட்டு அரசர் கட்டச் சொன்ன பெரிய போர்க்கப்பல் அது. தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபர்ட்சன் பாதியில் நோயில் விழுந்து 1627-இல் இறந்துவிட்டார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 10-ஆம் தேதி, புறப்பட்ட அன்றே, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே கவிழ்ந்தது. 1961-இல் அதை மேலே தூக்கிப் பார்த்தபோது உள்ளே தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு சுவீடன் அடிக்கோல், பன்னிரண்டு அங்குலம். இரண்டு ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல், பதினோரு அங்குலம். கப்பலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மேல்பாரம் அதிகமானதுதான் அது கவிழ்ந்ததற்குப் பெரிய காரணம், ஆனாலும் அந்த நான்கு கோல்களை என்னால் மறக்க முடிவதில்லை. பெட்டிக்கு அளவு கொடுக்கும்போது நீங்களே கூடப் போய் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கப்பல் வீட்டுக்கு வந்தது ஒரு பிளைவுட் பெட்டியில், அந்தக் கப்பலை இழைத்தபோது விழுந்த தேக்குச் சுருள்களையே சுற்றிலும் திணித்து. தெர்மாகோல் இல்லை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இங்கிலாந்துக் கப்பல் துறைகளில் விழும் துண்டு மரத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத் தச்சர்களுக்கு உரிமை இருந்தது. மூன்று அடிக்கு உட்பட்ட துண்டுகள். அந்த நீளத்துக்கு வரவேண்டும் என்றே நல்ல மரத்தையும் அறுத்துவிடுகிறார்கள் என்று புகார் எழுந்து, 1801-இல் அதை நிறுத்திவிட்டுக் கையில் காசாகக் கொடுத்தார்கள். எங்கள் கப்பலின் துண்டு மரம் முழுவதும் கப்பலோடு கூடவே வந்துவிட்டது.

விழா அன்று கூட்டத்தில் அப்பா சும்மா பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்லாரும் போன பிறகு, ராத்திரி ஒன்பது மணி இருக்கும், திண்ணையில் துண்டை விரித்து, "அதை எடு" என்றார். கண்ணாடியைத் திறந்து கொடுத்தேன். முதலில் முகர்ந்தார். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். கட்டைவிரல் நகத்தைப் பலகைகளின் இடுக்கில் வைத்து முன்னாலிருந்து பின்னால்வரை இழுத்துக்கொண்டே போனார். நகம் ஓரிடத்தில் நின்றது. அணியத்துக்கு நான்கு விரல் தள்ளி, இடப்பக்கம்.

"இங்க பலகை பத்தலை. தூளைக் குழைச்சு மெழுகியிருக்கான்."

எனக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் கப்பலைக் கீழே வைக்கவில்லை. மெதுவாகத் திருப்பினார். ஏராவைத் தடவிக்கொண்டே வந்தவர், நடுவில் வெள்ளிப் புள்ளியில் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தார். அம்மாவோட கொலுசு என்றேன். விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "வங்கு என்ன மரம்?" என்று கேட்டார். பூவரசு என்றேன். தலையை ஆட்டினார். "ஓடாவிதான்" என்றார்.

மறுநாள் அந்த மெழுகிய இடத்தைப் பற்றி ஆசாரி அண்ணனிடம் போனில் சொன்னேன். மறுக்கவில்லை. சாயங்காலமே பையனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "ஆமாங்கய்யா, மூக்குகிட்ட பட்டையை ஒடுக்கிக்கிட்டே வரணும். எனக்கு அந்தக் கணக்குத் தெரியல. கடைசியில இடம் விழுந்துபோச்சு" என்று அப்பாவிடம் சொல்லி, இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கவில்லை. வயிற்றுப் பக்கத்தில் பலகை அகலமாகவும் மூக்குப் பக்கத்தில் குறுகலாகவும் வர, ஒவ்வொரு வங்கிலும் சுற்றளவை ஒரு ஓலையால் அளந்து, அந்த ஓலையை எத்தனை பலகையோ அத்தனையாக மடித்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். ஓலை இல்லாததால் தினத்தாளைக் கிழித்து மடித்துக் காட்டினார். பையன்தான் முதலில் பிடித்துக்கொண்டான்.

யாருக்கு இந்தப் பட்டறை சரிப்படும் என்று கேட்டால், அலமாரியில் வைத்துத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு கப்பல் போதும் என்பவர்கள் 46,000 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. கட்டையில் குடைந்ததையே வாங்கலாம், அதையும் சுத்தமாகத்தான் செய்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியம் என்றால், காத்திருக்கவும் முடியும் என்றால், மதுரையில் எனக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை. நான் இன்னொரு முறையும் கொடுப்பேன். கொடுத்தும்விட்டேன்.

அது தோணி. தாத்தா கட்டிய மாதிரித் தோணிக்கு வரைபடம் கிடையாது, அவர் எதையும் தாளில் வரைந்ததில்லை. போன வாரம் ஆசாரி அண்ணன் வந்தபோது அப்பா சாக்குக்கட்டி கேட்டார். தாழ்வாரத்துச் சிமென்ட் தரையில் முட்டி போட்டு, ஏராவை ஒரே கோடாக இழுத்து, அதிலிருந்து ஒவ்வொரு வங்காக வளைத்துக்கொண்டே போனார். எண்பது வயதில் கை நடுங்கவில்லை. இரண்டு இடத்தில் மட்டும் அழித்துத் திருத்தினார். பையன் அட்டையை வைத்து ஒவ்வொரு வளைவாக வெட்டி எடுத்துக்கொண்டான். வாய்ச்சி பிடிக்கத் தெரியுமா என்று அப்பா அவனைக் கேட்டார். தெரியாது தாத்தா என்றான். நாளைக்கு வா என்றார்.

கோடுகள் இன்னும் தரையில் இருக்கின்றன. வேலைக்கு வரும் அக்காவிடம் தாழ்வாரத்தை மட்டும் துடைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.